நாற்பத்தெட்டுத் தறியும் ஒரு சாம்பல் டப்பாவும்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் ஊர் வியாபாரிகள் சங்கக் கட்டடத்து மாடியில் எங்கள் பழைய முதலாளியின் மகன் ராஜேஷ்குமார் ஒரு மணி நேரம் பேசினார். தலைப்பைப் பேனரில் அடித்து அவர் தலைக்குப் பின்னால் கட்டியிருந்தார்கள்: ‘ஆப்பிரிக்க நாடுகளில் மெத்தப் படித்த தலைவர்களாலும் முன்னேற்றம் வராதது ஏன்?’ ஆப்பிரிக்கா என்றால் ஐம்பத்து நாலு நாடு. அவர் வேலை பார்த்தது ஒன்றில். ஒரு சோறு பதம் பார்த்தால் போதும் என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

காரணங்களை வரிசையாகச் சொன்னார். லஞ்சம், இனச் சண்டை, வெள்ளைக்காரன் கிழித்துவிட்டுப் போன எல்லைக்கோடு, ஜனங்களுக்கு உழைப்புப் பழக்கம் இல்லாதது. ஒவ்வொன்றுக்கும் திரையில் ஒரு படம் வந்தது. கடைசிப் படத்தில் என் தறிகள் வந்தன. தூசி படிந்து, ஒட்டடை தொங்க, வரிசையாக நின்றன. “இது நானே கண்ணால பாத்த தோல்வி” என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த நான் மட்டும் தட்டவில்லை.

என் தறிகள் என்று சொல்வது உரிமையில் இல்லை. அவை ராஜேஷ்குமாரின் அப்பா ஜெயசிங் அண்ணாச்சியுடைய விசைத்தறிகள். நான் குருசாமி, அவருடைய தறிச் செட்டில் இருபத்திரண்டு வருஷம் ஃபிட்டர். நாற்பத்தெட்டில் எந்தத் தறியில் ஊடு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா தட்டும், எது மழை ஈரத்தில் மக்கர் பண்ணும் என்று கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை வைத்தே சொல்வேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணாச்சி தொழிலை விட முடிவு செய்தார். பழைய இரும்பு எடுக்கிறவன் வந்து, சந்தையில் மாட்டுக்குப் பல் பார்ப்பது போல ஒவ்வொரு தறியையும் சுத்தியலால் தட்டிப் பார்த்தான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. எப்படியாவது இவை உடைபடாமல் எங்கேயாவது ஓட வேண்டும் என்பது ஒன்றுதான் என் ஆசையாக இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் லண்டனில் டாக்டர் பட்டம் வாங்கிய ராஜேஷ்குமார் ஊருக்கு வந்தார். ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டு அரசாங்கத்துக்கு அவர் ஆலோசகர். நாட்டின் பெயரை வெளியே சொல்ல மாட்டேன் என்று என்னிடம் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், அதனால் சொல்லவில்லை. அந்த நாட்டுத் தொழில் மந்திரியும் டாக்டர்தான். இருவரும் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். மந்திரியின் ஊரில் முன்னொரு காலத்தில் பெரிய அரசாங்க நெசவு மில் ஒன்று இருந்து மூடிப்போனது. ‘அந்த மில் ஏன் மூடியது’ என்று நானூறு பக்கம் எழுதித்தான் அவர் டாக்டர் ஆனாராம். அதே இடத்தில் மறுபடி நெசவைத் தொடங்குவது என்று கடன் வாங்கித் திட்டம் போட்டிருந்தார்.

ராஜேஷ்குமார் ஆபீஸ் அறையில் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“குருசாமி அண்ணே, நாப்பத்தெட்டுத் தறியும் ஓடணும்னா யார் யார் வேணும்? ஒரு ஆள் விடாம சொல்லுங்க. நீங்க சொல்லுததைத்தான் ரிப்போர்ட்டுல போடப் போறேன்.”

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. லண்டன் படிப்பு என் முன்னால் உட்கார்ந்து என் வாயைப் பார்க்கிறது. விரலை மடக்கி மடக்கிச் சொன்னேன். ஆளுக்கு நாலு தறி வீதம் ஓட்டுகிறவர்கள் இரண்டு ஷிஃப்டுக்கு இருபத்து நாலு பேர். நாடாவுக்குள் வைக்கிற குச்சியில் நூலேற்றித் தார் சுற்ற ஆறு பேர். நீளவாக்கு நூலை உருளையில் ஏற்றிப் பாவு ஓட்ட இரண்டு பேர். கஞ்சி போட ஒரு ஆள். துணி மடிக்க மூன்று பேர். ஃபிட்டர், எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன். வாட்ச்மேன் ராத்திரிக்கு ஒருவர், பகலுக்கு ஒருவர் என்று பிரித்தே சொன்னேன். அவர் டைப் அடித்துக்கொண்டே போனார்.

ஒரு மாதம் கழித்து மந்திரி நேரில் பார்க்க வந்தார். செட்டுக்கு வெள்ளையடித்து, சங்கரநயினார் கோவில் வாசலிலிருந்து ஆளுயர மாலை வாங்கி வைத்திருந்தோம். தறிகளுக்கு நடுவே வழியில் தரையில் உட்கார்ந்து வேலை பார்த்துக்கொண்டிருந்த என் மனைவி கோமதித்தாயையும் அவளோடு இருந்த ஷம்சாத் பேகத்தையும், “மந்திரி வர்ற நேரம், நடைபாதையில உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க, நாளைக்குப் பாத்துக்கிடலாம்” என்று அனுப்பிவைத்தேன். கோமதித்தாய் தன் சாம்பல் டப்பாவை எடுத்து மடியில் செருகிக்கொண்டு போனாள்.

மந்திரியை எனக்குப் பிடித்துப்போயிற்று. உயரமான மனிதர், நரை தட்டியவர். கிரீஸ் அப்பிய என் கையைக் குலுக்கிவிட்டு, தன் கையைத் துடைக்காமலே நடந்தார். நிமிஷத்துக்குத் தறி எத்தனை அடி அடிக்கும், மின்சாரம் எவ்வளவு, எந்த நம்பர் நூல் தாங்கும் என்று அவர் கேட்டதெல்லாம் சரியான கேள்விகள். “எங்கள் பஞ்சு மூட்டையாகக் கப்பல் ஏறிப் போகிறது. யாரோ உடுத்திக் கழித்த பழைய துணியாகத் திரும்பி வருகிறது. இந்தத் தறி ஓடினால் எங்கள் பஞ்சு எங்கள் உடம்பிலேயே ஏறும்” என்றார். ராஜேஷ்குமார் மொழிபெயர்த்துச் சொன்னபோது ஜெயசிங் அண்ணாச்சிக்கே கண் கலங்கிவிட்டது. மத்தியானம் மந்திரி ஆட்டுக்கறி பிரியாணியைக் கையால் பிசைந்து சாப்பிட்டார். தறிகள் இரும்புக் கடைக்குத் தப்பின.

தூத்துக்குடியிலிருந்து தறிகள் கப்பலில் போயின, பின்னாலேயே நான் விமானத்தில் போனேன். மூடிக் கிடந்த பழைய மில்லுக்குப் பக்கத்தில் புதுச் செட் கட்டியிருந்தார்கள். வேலைக்கு எடுத்திருந்த பெண்கள் எல்லாரும் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்கள். ராஜேஷ்குமார் பேனரைக் கட்டிக்கொண்டு உழைப்புப் பழக்கம் இல்லை என்றாரே, கேட்டுக்கொள்ளுங்கள்: நம் ஊரில் ஒரு ஆள் நாலு தறி பார்க்கப் பழக மூன்று மாதம் ஆகும். அந்தப் பிள்ளைகள் ஐந்து வாரத்தில் பழகினார்கள். அறுந்த இழையைக் கண்டு தறியை நிறுத்துவதில் சிலபேர் என்னையே முந்தினார்கள். எனக்குத் தெரிந்தது நாற்பது இங்கிலீஷ் வார்த்தை. அதை வைத்துக்கொண்டே அத்தனையும் நடந்தது.

திறப்பு விழா அன்று நாற்பத்தெட்டும் ஒன்றாக ஓடின. மந்திரி பேச வாயெடுத்தார், சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே பேசாமல் விட்டுவிட்டார். அந்தச் சத்தம் என்னை ஊருக்கே கொண்டுபோய்ச் சேர்த்தது. இனி இந்தத் தறிகளுக்குச் சாவில்லை என்று நினைத்தேன்.

தறிகளை இங்கிருந்து ஏற்றும்போது ஒவ்வொன்றிலும் பாவு ஏற்றியபடியேதான் அனுப்பியிருந்தோம். பழகும்போது கொஞ்சம்தான் ஓடியது, திறப்பு விழா முடிந்து பத்தொன்பதாம் நாள் ஆறாம் நம்பர் தறியில் அந்தப் பாவு தீர்ந்தது. அங்கேயே ஓட்டிய புதுப் பாவு தயாராக இருந்தது. உருளையை நானே தூக்கி வந்து தறியில் மாட்டினேன். பழைய பாவின் கடைசி இழைகள் தறியில் தொங்குகின்றன. புதுப் பாவின் முதல் இழைகள் உருளையில் தொங்குகின்றன. இந்தப் பக்கம் இரண்டாயிரத்து நானூறு, அந்தப் பக்கம் இரண்டாயிரத்து நானூறு. ஒவ்வொன்றாக, வரிசை தப்பாமல், ஒன்றோடொன்று முறுக்கிப் பிணைத்தால்தான் தறி ஓடும்.

ஊரில் இந்தக் கட்டம் வந்தால் நான் செய்கிற வேலை ஒன்றுதான். வாசலுக்குப் போய், “பாவு தீந்துட்டு, பிணைக்க ஆள் வரச்சொல்லு” என்று சத்தம் கொடுப்பேன். தெருவிலிருந்து இரண்டு பெண்கள் வருவார்கள். தரையில் உட்கார்ந்து அரை நாளில் பிணைத்துவிட்டு, பாவுக்கு இவ்வளவு என்று கையில் வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களுக்கு மஸ்டர் ஏட்டில் பெயரும் கிடையாது, போனஸும் கிடையாது. எந்த முதலாளிக்கும் அவர்கள் ஆள் இல்லை. அன்றைக்கும் நான் பழக்க தோஷத்தில் வாசல் வரை போய்விட்டேன். அங்கே போய் நின்ற பிறகுதான் அது எங்கள் தெரு இல்லை என்று உறைத்தது. கல்யாணத்துக்குப் போனவன் தாலியை மறந்த கதைதான்.

திரும்பி வந்து தறிக்கு அடியில் உட்கார்ந்தேன். கோமதித்தாய் பிணைப்பதை வருஷக்கணக்காகப் பார்த்திருக்கிறேன். பார்த்து என்ன, ஒரு மணி நேரத்தில் எழுபது இழை பிணைத்தேன். இழுத்துப் பார்த்தால் பாதி கழன்று வந்தது.

செட்டுக்கு வெளியே கம்பி வேலி. அதை ஒட்டித் தக்காளியைக் கூறு கட்டி வைத்து, அடுப்பில் மக்காச்சோளம் சுட்டு விற்கிற ஒரு அம்மா உண்டு. எஸ்தர் என்று பெயர், அறுபது வயது இருக்கும். திறந்திருந்த ஷட்டர் வழியாக நான் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். வாட்ச்மேனிடம் என்னவோ சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். என்னை ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டினாள். உட்கார்ந்தாள். பிறகு கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டி எதையோ கேட்டாள். எனக்குப் புரியவில்லை. எழுந்து போய், தன் அடுப்பிலிருந்து ஒரு தகர மூடியில் சாம்பல் எடுத்து வந்தாள்.

இழை வழுக்காமல் இருக்க விரலைச் சாம்பலில் தொட்டாள், இரண்டு இழையையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. அடுத்தது. அடுத்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பத்தாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து என் பெண்டாட்டியின் விரலைப் பார்க்கிறேன். பழைய மில்லில் பத்தொன்பது வருஷம் இதே வேலை பார்த்தவளாம், பிறகு அங்கிருந்த பிள்ளைகள் சொல்லித் தெரிந்துகொண்டேன். மறுநாள் மத்தியானம் ஆறாம் நம்பர் ஓடியது. தன்னைப் போல இன்னும் பதினொரு பேர் ஊருக்குள் இருப்பதாக விரல் விட்டுக் காட்டினாள். ஒருத்தி மீன் விற்கிறாள், ஒருத்தி பஸ் ஸ்டாண்ட் பெருக்குகிறாள்.

நான் ராஜேஷ்குமாருக்குப் போன் போட்டேன். இரண்டு நாளில் மந்திரியோடு வந்தார். லேப்டாப்பைத் திறந்து மேலும் கீழும் தேடிப் பார்த்தார்.

“ரிப்போர்ட்டுல இப்படி ஒரு வேலையே இல்லையே அண்ணே” என்றார்.

நான் எண்ணெய்க் குப்பியை எடுத்துக்கொண்டு அடுத்த தறிக்குப் போனேன்.

மந்திரி அந்த நல்ல கால்சட்டையோடு தரையில் உட்கார்ந்து எஸ்தரின் கையைப் பார்த்தார். அவள் பேச்சில் அவளோடு வெகு நேரம் பேசினார். அவர் எழுதிய நானூறு பக்கத்தில் ‘வேலை இழந்தோர் ஆயிரத்து நூற்று நாற்பது பேர்’ என்று ஒரு வரி உண்டாம். அந்த ஆயிரத்து நூற்று நாற்பதில் ஒருத்தி வேலிக்கு அந்தப் பக்கம் தக்காளி விற்றுக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியாது. அவர் முகம் மலர்ந்ததைப் பார்த்து, சரி, தறிகள் பிழைத்தன என்று நான் நினைத்தேன்.

அப்புறம்தான் வேலைக்கு எடுப்பது பற்றிப் பேச்சு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் இல்லாதவர்களை அந்தத் திட்டத்தில் எடுக்க முடியாது. எஸ்தர் மூன்றாம் வகுப்பு. கடன் கொடுத்தவன் போட்ட விதி என்று நான் நினைத்தேன். இல்லை, அந்த வரியை எழுதியதே மந்திரிதான். படித்த பிள்ளைகள் வேலை இல்லாமல் எல்லை தாண்டி ஓடுகிறார்கள் என்று கடன்காரர்களோடு சண்டை போட்டு அதைச் சேர்த்திருக்கிறார். அதை மாற்ற வேண்டுமானால் எட்டு மாதம் ஆகும். “நான் போராடி வாங்கியதை நானே எப்படி அழிப்பேன்?” என்று கேட்டார்.

“எங்க ஊர்ல பாவுக்கு இவ்வளவுன்னு கையில குடுத்துருவோம்னு சொல்லுங்க தம்பி. பேரெல்லாம் எழுத மாட்டோம்” என்றேன்.

ராஜேஷ்குமார் சொன்னதும் மந்திரி முடியாது என்று தலையை ஆட்டிவிட்டார். கணக்கில் வராமல் ஆள் வைத்துத்தான் முன்னால் இருந்தவர்கள் நாட்டைத் தின்றார்கள், அதை ஒழிக்கவே நான் மந்திரி ஆனேன் என்றார். அவர் சொன்னது நியாயம். அவர் ஒரு காசு திருடியவர் இல்லை. ஏட்டுச் சுரைக்காய் என்று சொல்லி ஒதுக்கிவிட்டால் எனக்கும் நிம்மதி, ஆனால் அவர் அப்படிப்பட்டவர் இல்லை. திருடனாக இருந்திருந்தால் எஸ்தருக்கு ஒரு பொய்ச் சான்றிதழ் எழுதிக்கொடுத்துத் தறியை ஓட்டியிருப்பான்.

சரி, எஸ்தர் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரட்டும் என்றேன். சொல்லித் தருகிறவருக்கு அதைவிடப் பெரிய சான்றிதழ் வேண்டுமாம். கடைசியில் ராஜேஷ்குமார் ஒரு வழி கண்டுபிடித்தார். பாவு பிணைக்கிற மெஷின் ஐரோப்பாவில் விற்கிறது. மெஷின் வாங்கத் திட்டத்தில் இடம் இருந்தது, மனுஷி வாங்கத்தான் இடம் இல்லை.

மெஷின் வர ஏழு மாதம் ஆயிற்று. அதற்குள் பாவு தீரத் தீர ஒவ்வொரு தறியாக நின்றது. முதல் பதினைந்து நாளிலேயே முப்பது நின்றுவிட்டன. நின்ற தறிக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் காலையில் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். நான் தினமும் நாற்பத்தெட்டுக்கும் எண்ணெய் விட்டேன். எஸ்தர் தினமும் வேலிக்கு வந்து நின்று, என்னைப் பார்த்துக் கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக் காட்டுவாள். வேலை உண்டா என்று கேட்கிறாள். நான் இல்லை என்று தலையை ஆட்டுவேன். அந்த ஊரில் எனக்கு நன்றாகப் பேசத் தெரிந்தது அந்த ஒரு பேச்சுதான்.

மெஷின் வந்தது. அது பெரிய மில் பாவுக்குச் செய்தது, எங்கள் தறியில் அதை நிறுத்தி வைக்கவே இடமில்லை. அங்கத்து நூலில் கொஞ்சம் தடிப்பு உண்டு, அதுவும் அதற்கு ஒத்துவரவில்லை. மூன்றாம் நாள் அதில் இழையை எடுக்கிற முள் உடைந்தது. அப்புறம் தேர்தல் வந்தது, மந்திரி தோற்றார். என்னை ஊருக்கு அனுப்பினார்கள். இப்போது அவர் லண்டனில் ஒரு கல்லூரியில் இருக்கிறாராம், அந்தத் திட்டம் ஏன் நின்றது என்று புத்தகம் எழுதுகிறாராம்.

இவ்வளவும் தெரிந்தவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறேன், மேடையில் உழைப்புப் பழக்கம் இல்லை என்கிறார்கள். கேள்வி கேட்கலாம் என்றதும் எழுந்துவிட்டேன்.

“தம்பி, அந்தப் பிள்ளைங்க அஞ்சு வாரத்துல தறி படிச்சிட்டாங்க. பாவு பிணைக்க ஆளு வாசல்லயே இருந்தாளே. உள்ள விட்டது யாரு, விடாதது யாரு? அதையும் சேத்துச் சொல்லுங்க.”

ராஜேஷ்குமார் சிரித்தார். “குருசாமி அண்ணன் நம்ம பழைய ஃபிட்டர். அண்ணே, நீங்க சொல்லுதது ஃபீல்டு லெவல் பிரச்சினை. நாம இங்க பாலிசி பேசுதோம்” என்றார். நாலு பேர் சிரித்தார்கள். வடையும் காபியும் வந்தது. நான் குடிக்காமல் இறங்கி வந்துவிட்டேன்.

வீட்டில் கோமதித்தாய் வேறொரு செட்டில் வேலை முடித்து வந்து அப்போதுதான் கை கழுவியிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் அந்த இரண்டு விரலில் கறுப்பு போகாது. நான் கொதிப்போடு எல்லாவற்றையும் சொன்னேன். எஸ்தர் கதையை அவளிடம் முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான். அதுவரை, மெஷின் சரியில்லை, தறி நின்றுவிட்டது என்று மட்டும் சொல்லி வைத்திருந்தேன். அவள் ஆர்வமாகக் கேட்டாள். எஸ்தர் மடிப்பை இடது பக்கம் போட்டாளா, வலது பக்கமா என்று விசாரித்தாள். இடது என்றதும், “கெட்டிக்காரி” என்றாள்.

“இவனுவளுக்கு எல்லாம் இவ்வளவு படிப்பு எதுக்கு?” என்று நான் கத்தினேன். “கண்ணு முன்னால உக்காந்திருக்குத மனுஷியைத் தெரியல. நானூறு பக்கம் எழுதியிருக்கானாம்.”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

“தறிக்கு யார் யார் வேணும்னு எழுதுனதா சொன்னீயல்லா, அதை ராஜேஷ்குமார் தம்பிக்குச் சொன்னது யாரு?”

“நான்தான்.”

“அதுல வாட்ச்மேன் உண்டா?”

“உண்டு. பகலுக்கு ஒண்ணு, ராத்திரிக்கு ஒண்ணு.”

“நாங்க?”

மறைத்தேன் என்றால்கூட ஒரு காரணம் இருக்கும். எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் உண்மை. அதையே சொன்னேன்.

“அந்த மந்திரி வந்த அன்னைக்கு நானும் ஷம்சாத்தும் ஏழாம் தறிக்குப் பாவு பிணைச்சிக்கிட்டிருந்தோம்” என்றாள். “பாதி பிணைச்சிருந்தோம். அப்படியே இருந்திருந்தா அவரு கண்ணுல பட்டிருக்கும். எந்திரிச்சுப் போங்கன்னு சொன்னது நீங்க.”

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

“அவரு எங்கயோ கடல் தாண்டி இருந்து படிச்சவரு, அவருக்குத் தெரியாமப் போச்சு. நீங்க இருவத்திரண்டு வருஷம் என் பக்கத்துலயே இருந்தீய.”

சாம்பல் டப்பாவை மூடி ஜன்னலில் வைத்துவிட்டு எனக்குச் சோறு போட எழுந்து போனாள்.